கொள்ளைநோய்க் காலத்தில் புற்றுநோய் வைத்தியம்

நோய்களுக்கு நம்மவர் இட்ட பெயர்கள் பல, கண்ணால் கண்டதை அப்படியே சொல்லும் பெயர்கள். புற்று என்றால் கரையான் கட்டும் மண்மேடு. வெளியே தெரிவது ஒரு முழம். உள்ளே வளைகள் எத்தனை திசையில் ஓடுகின்றன என்பது வெட்டிப் பார்த்தாலன்றித் தெரியாது. உடலில் மேடிட்டுப் புண்ணாகி, வேரோடி, எடுத்த பிறகும் வேறோரிடத்தில் தலைகாட்டும் கட்டியைப் புற்று என்றது பொருத்தமே. கிரேக்க மருத்துவர் இதே நோயில் நண்டின் கால்களைக் கண்டனர். ஆங்கிலச் சொல்லான கான்சர் என்பது, அந்த நண்டைக் குறிக்கும் இலத்தீன் பெயரே. கொள்ளைநோய் என்ற பெயருக்கோ விளக்கம் வேண்டியதில்லை. கூட்டமாக வந்து வாரிக்கொண்டு போவது அது.

ஒன்று வீட்டுக்குள் இருந்துகொண்டே மெல்லத் தோண்டுவது; மற்றொன்று வாசலை உடைத்துக்கொண்டு வருவது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? வாசலில் நிற்பவனை எதிர்க்க எல்லாரும் ஓடிவிட, உள்ளே தோண்டுவதைக் கவனிக்க ஆள் இல்லாமற் போகும். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் உலகெங்கும் இதுவே நடந்தது. நம் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அது எவ்வாறு நடந்தது, மருத்துவ உலகம் இதற்கு என்ன வழி கண்டது, தோட்டப் பள்ளியில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டுத் தோட்டப் பள்ளிகளிலேயே தலை நரைத்தவன். ஆயினும் ஒரு தாய்க்குச் சிகிச்சை தவறியதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், இதைப் பற்றிப் படிக்க வேண்டியவனானேன்.

முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். கோல சிலாங்கூர், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், கிழக்கே உலு சிலாங்கூர் என்று பரந்து கிடப்பது இப்பகுதி. மலாயாவில் செம்பனை முதன்முதல் வாணிக முறையில் 1917இல் பயிரிடப்பட்ட தெனமாரம் தோட்டம் இங்கேதான் உள்ளது. இப்போது வெளிக்காட்டில் குலை அறுப்போரில் மிகப் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர். நம்மவரில் இளையோர் பட்டணம் போய்விட, லயங்களிலும் அவற்றுக்குப் பதிலாக எழுந்த சிறு வீடுகளிலும் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளும், குறைந்த கூலிக்கு நாற்றுமேடையிலும் மருந்து தெளிப்பிலும் நிற்கும் பெண்களுமே.

தோட்டத்து வைத்தியம் என்பது தொடக்கத்திலிருந்தே கொள்ளைநோய்க்காக அமைந்தது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப் புழுவும் கூலிகளை வாரிக்கொண்டு போன காலத்தில், கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒடுக்கியது பெருஞ்செயல். 1918இல் இன்ஃபுளுவென்சா வந்தபோதும் தோட்டத் தொழிலாளரே பேரளவில் மடிந்தனர். ஆகவே டிரசர், கொய்னா, பேதி மருந்து என்ற அளவில் அந்த அமைப்பு வளர்ந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே மனிதனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய்க்கு அதில் இடமே இல்லை. இன்றும் எங்கள் பகுதி மக்களுக்கு அரசாங்கச் சுகாதார மையங்களும் தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், கோல குபு பாரு மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் கதிர்ச் சிகிச்சை வேண்டுமானால் கோலாலம்பூருக்குப் போகவேண்டும். அல்லது 2013இல் திறந்த தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போகவேண்டும். 2011இல் ஈஜோக் வழியே லாத்தார் நெடுஞ்சாலை வந்த பின் கார் வைத்திருப்பவருக்குத் தூரம் குறைந்தது. கார் இல்லாதவருக்குத் தூரம் அப்படியே இருக்கிறது.

இனி அந்தத் தாயின் செய்தி. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த ஒரு மாணவனின் தாய் அவர். நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வயது, நாற்றுமேடையில் வேலை. மார்பில் கட்டி கண்டு, 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறுவை முடிந்து, கீமோதெரப்பி என்னும் மருந்துச் சிகிச்சையில் இரண்டு தவணை ஏற்றியிருந்தார்கள். மூன்றாம் தவணை மார்ச்சுக் கடைசி வாரத்தில். மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. சாலைதோறும் தடுப்பு. ஏப்ரல் முதல் நாளிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள், பொருள் வாங்கப் போகலாம் என்று விதி. மருத்துவத்துக்குப் போவோருக்கு விலக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் விலக்கு இருக்கிறது என்ற செய்தி லயத்துக்கு வந்து சேரவில்லை. பத்துக் கிலோமீட்டர் என்ற செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. வழக்கமாக வேன் ஓட்டுபவர் அபராதத்துக்குப் பயந்து மறுத்துவிட்டார்.

மருத்துவமனை அவரை மறந்துவிடவில்லை. சிகிச்சை நடக்கும் இடமும் நாளும் மாறியதால் அங்கிருந்து மூன்று முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைத்தொலைபேசி. அது பையனிடம் இருந்தது. ஏனென்றால் பாடங்களை அதன் வழியாக நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். பாட நேரத்தில் வேறு அழைப்பு எதையும் எடுக்கக்கூடாது என்று விதி செய்தவன் நானே. தெரியாத எண் வந்தபோதெல்லாம் பையன் அதை வெட்டிவிட்டான். நல்ல மாணவன், சொன்னதைச் செய்தான். தாயோ, ஆஸ்பத்திரி மூடிவிட்டார்கள், திறந்தால் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். ஏப்ரல் நடுவில் பயிற்சித்தாள் விஷயமாக நான் தொலைபேசியபோது அவர்தாம் எடுத்தார். "உடம்பு எப்படியம்மா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "மூணாவது ஊசிக்கு இன்னும் கூப்பிடலைங்க ஐயா" என்றார். விசாரித்துச் சேர்ப்பதற்குள் தவணை தவறி ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஒரு மாதம் தவறினால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். விடையை அறிய, அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். புற்றணுக்கள் மற்ற அணுக்களைவிட விரைந்து பெருகுபவை. ஆகவே பெருகும் அணுவைத் தாக்கும் மருந்துகளை ஏற்றுகிறார்கள். ஆனால் உடலில் விரைந்து பெருகுவது புற்று மட்டும் அன்று. மயிர்க்காலும், குடலின் உட்தோலும், எலும்பின் உள்ளே இரத்தம் ஊறும் மச்சையும் அப்படியே. எனவேதான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன. வெள்ளணு என்பது நோய்க்கிருமியை எதிர்க்கும் காவற்படை. மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அந்தப் படை மிகவும் மெலிந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் மீண்டும் நிரம்பும். ஆகவேதான் பல மருந்துகளுக்கு 21 நாள் இடைவெளி வைத்திருக்கிறார்கள். உடல் தேறவேண்டும், புற்று தேறிவிடக்கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நாள் அது. இடைவெளி நீண்டால் புற்றுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

இங்கேதான் மருத்துவர்கள் இருதலைக் கொள்ளி எறும்பாயினர். மருந்தை ஏற்றினால் காவற்படை குறைகிறது. வெளியே கோவிட் நிற்கிறது. ஏற்றாவிட்டால் புற்று வளர்கிறது. 2020 பிப்ரவரியில் சீனத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கோவிட் கண்ட 1,590 பேரைப் பார்த்ததில், புற்றுநோய் கண்டவர்களுக்கே நிலை மோசமாயிற்று என்றது அது. உலகம் அஞ்சிற்று. ஆனால் அந்த 1,590 பேரில் புற்றுநோய் கண்டிருந்தவர் எத்தனை பேர்? வெறும் 18. பதினெட்டு மாணவரின் மதிப்பெண்ணைக் கொண்டு நாட்டுப் பள்ளிகளின் தரத்தை அளப்பதுபோல் இது. ஆனாலும் முதல் வாரங்களில் வேறு ஆதாரம் இல்லை. ஆகவே பல நாடுகளில் சிகிச்சையைத் தள்ளிப் போட்டனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனிலிருந்து பெரிய கணக்கு ஒன்று வந்தது. புற்றுநோயும் கோவிட்டும் ஒருங்கே கண்ட 800 பேரில் 226 பேர் இறந்தனர். நான்கு பேருக்கு ஒருவருக்கும் மேல், அச்சந்தரும் எண்தான். ஆனால் யார் இறந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது, வயது முதிர்ந்தோர், ஆண்கள், இதயநோய், இரத்தக் கொதிப்பு முதலியன உள்ளவர்கள் என்று தெரிந்தது. கடைசி நான்கு வாரத்தில் கீமோதெரப்பி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும், மற்றவை சமமாயிருந்தபோது, இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஆபத்து மிகுதி என்று பின்னால் வந்த கணக்குகள் காட்டின. ஏனையோர்க்கு, கொள்ளைநோய் வந்துவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை என்ற தெளிவு இதிலிருந்து பிறந்தது.

மறுபக்கக் கணக்கு 2020 நவம்பரில் வந்தது. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் முன்னின்று, ஏழு வகைப் புற்றுநோய்களில் சிகிச்சைத் தாமதம் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தனர். அறுவை நான்கு வாரம் தாமதமானால் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 8 வரை கூடுகிறது என்றனர். இதை ஆசிரியர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏடுகளிலேயே பிழையாக எழுதிவிட்டார்கள். நூறு நோயாளரில் ஆறு பேர் கூடுதலாக இறப்பர் என்பது இதன் பொருளன்று. முன்பே இருந்த வாய்ப்பு ஆறு விழுக்காடு பெருகுகிறது என்பதே பொருள். நூறு பேரில் 20 பேர் இறக்கக்கூடிய ஒரு நிலை இருந்தால், அது ஏறத்தாழ 21 ஆகும். ஒருவர்தானே எனலாம். நான்கு வாரம் எட்டு வாரமாகி, எட்டு பன்னிரண்டாகி, அதை நாடு முழுவதும் உள்ள நோயாளர் தொகையோடு பெருக்கிப் பார்த்தால், கோவிட் இறப்புக் கணக்கில் என்றும் எழுதப்படாத இறப்புகள் எத்தனை என்பது விளங்கும். ஆறாம் ஆண்டு மாணவருக்கு விழுக்காடு நடத்தும்போது இந்தக் கணக்கைப் போடலாம்.

நாட்டளவில் என்ன நடந்தது என்பதற்குத் தெளிவான சான்று இந்தியாவில் கிடைக்கிறது. அங்கே 2020 மார்ச்சு 25 முதல் ஊரடங்கு. 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச்சு, ஏப்ரல், மே மாதங்களை முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டனர். புதிதாகப் பதிந்துகொண்ட நோயாளர் 1,12,270லிருந்து 51,760ஆகக் குறைந்தனர். அதாவது 54 விழுக்காடு வீழ்ச்சி. பெரிய அறுவைகள் 49 விழுக்காடும், படுக்கையில் சேராமல் பெறும் கீமோதெரப்பி 37 விழுக்காடும் குறைந்தன. கதிர்ச் சிகிச்சை மட்டும் 23 விழுக்காடே குறைந்தது. தொடங்கிவிட்டால் நாள்தோறும் நடந்தே தீரவேண்டியது என்பதால் அதை எப்படியோ காப்பாற்றினார்கள் என்று நான் ஊகிக்கிறேன். இவை எல்லாவற்றிலும் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது மற்றொன்று. பெருநகர மையங்களில் வீழ்ச்சி அதிகம்; சிறு நகர மையங்களில் குறைவு. பெருநகரத்தில் நிபுணர்களும் கருவிகளும் மிகுதி. ஆனால் நோயாளர் தொலைவிலிருந்து வரவேண்டும். இரயிலும் பேருந்தும் நின்றதும், அங்கே நாற்காலிகள் காலியாயின.

நம்மவர்க்குப் பழக்கமான அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறும் தூரத்தின் வரலாறே. தம் தங்கை இந்நோயால் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் திறந்தார்கள். அதற்கு முன் தமிழ்நாட்டார்க்கு இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனை இல்லை. பம்பாயில் 1941இல் திறந்த டாட்டா மருத்துவமனையே கதி. அடையாற்றை முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் மகன் கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து வளர்த்த டாக்டர் சாந்தா அவர்கள், கொள்ளைநோய்க் காலத்திலேயே, 2021 ஜனவரி 19இல், மறைந்தார்கள்.

தூரத்தை எப்படிக் குறைப்பது? பெருந்தொற்று இக்கேள்விக்குச் சில நல்ல விடைகளைக் கட்டாயப்படுத்தி வாங்கிற்று. மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்தபின் கதிர்ச் சிகிச்சை தருவது வழக்கம். பதினைந்து நாள், மூன்று வாரம், மொத்தம் 40 கிரே என்ற அளவு. பிரிட்டனில் ஆண்டுக்கணக்காக நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2020 ஏப்ரலில் வெளிவந்தது. ஒரே வாரத்தில் ஐந்து முறை, மொத்தம் 26 கிரே கொடுத்தாலும், ஐந்தாண்டுக் கணக்கில் பயன் குறைவதில்லை என்று அது காட்டிற்று. கொள்ளைநோய்க்காகச் செய்த ஆய்வு அன்று அது. தக்க வேளையில் முடிந்தது, அவ்வளவுதான். எங்கள் தோட்டத்திலிருந்து புத்ராஜெயா ஒரு வழிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பதினைந்து நாள் போய்வர 2,700 கிலோமீட்டர். ஐந்து நாள் என்றால் 900. மருந்தின் அளவைக் கணக்கிடும் நிபுணர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். மேற்சொன்ன தாய்க்குப் பதினைந்து முறையே கொடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் காஜாங்கில் இருந்த அண்ணி வீட்டில் தங்கினார்.

மற்ற வழிகளும் உண்டு. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், உடனே செய்யாவிட்டால் உயிர்க்கு ஆபத்து உள்ளவர், சில வாரம் பொறுக்கக்கூடியவர், பல மாதம் பொறுத்தாலும் கேடில்லாதவர் என்று பிரித்தனர். சில வகை மார்பகப் புற்றுக்கு, அறுவை தாமதமாகும் வரை மாத்திரை கொடுத்துக் கட்டியை அடக்கி வைத்தனர். மறுபரிசோதனைகளைத் தொலைபேசியில் முடித்தனர். தொடர் மருந்துகளை அஞ்சலில் அனுப்பும் சேவை நம் நாட்டு அரசாங்க மருந்தகங்களில் முன்பே இருந்தது. இக்காலத்தில் பலர் அதன் அருமையை உணர்ந்தார்கள். (தோட்டத்தில் அஞ்சல் வீட்டுக்கு வராது, ஆபீசில் கிடக்கும் என்பதைப் பட்டணத்தார் அறியார். மருந்துப் பொட்டலம் ஒன்று கிராணியின் மேசையில் ஒன்பது நாள் கிடந்ததை நானே பார்த்தேன்.) 2021 பிப்ரவரி 24இல் தடுப்பூசி தொடங்கிற்று. அதற்குக் கைத்தொலைபேசிச் செயலியில் பதிய வேண்டியிருந்தது. தோட்டத்து முதியோர் பலருக்கு எங்கள் ஆசிரியர்களே அமர்ந்து பதிந்து கொடுத்தார்கள்.

இனிச் சொல்லப் போவது நல்ல முடிவுள்ள செய்தி அன்று. எங்கள் பக்கத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். பழைய பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை நான்கு மணிக்குப் பசி தெரியாமலிருக்க வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அடக்கிய தலைமுறை. கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. காரம் பட்டால் எரிச்சல். 2020இல் பல் மருத்துவக் கூடத்துக்குப் போக எண்ணியிருந்தார். ஆணை வந்தபின் பல் வைத்தியம் அவசரத்துக்கு மட்டும் என்றாயிற்று. வலி இல்லாதபோது எது அவசரம்? ஓராண்டு போயிற்று. 2021இல் திட்டு புண்ணாயிற்று. அது ஜூன், ஜூலை. முழு அடைப்பும், வெள்ளைக்கொடி கட்டிய வீடுகளும், கிள்ளான் பள்ளத்தாக்கில் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நோயாளர் படுத்துக் கிடந்ததுமான நாள்கள். சுங்கை பூலோ மருத்துவமனை முதலிலிருந்தே கோவிட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டு 26இல் ஒரே நாளில் 24,599 பேருக்கு நோய் கண்டது. அந்தக் கூட்டத்தில் வாய்ப்புண்ணோடு போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? அவர் போனது ஆண்டுக் கடைசியில். அப்போது கழுத்தில் நெறிகட்டியிருந்தது. 2022இல் இறந்தார்.

வாய்ப்புற்று இந்நாட்டில் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுதி என்பது நீண்ட காலமாக அறிந்த செய்தி. வெற்றிலைப் பழக்கமே இதற்குத் தலையாய காரணம். புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் மென்றாலும் புற்றுநோய் உண்டாகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் முடிவு கூறியது. நம் சடங்குகளில் வெற்றிலைபாக்குக்கு உள்ள இடத்தை நான் மறுக்கவில்லை. தாம்பூலத் தட்டில் இருப்பது வேறு, கன்னத்தில் இரவு முழுவதும் அடங்கியிருப்பது வேறு. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை கண்ட புற்றுநோய்களில் நூற்றுக்கு 63க்கு மேல் மூன்றாம் நான்காம் நிலையில் கண்டவை. அதாவது கொள்ளைநோய் வருவதற்கு முன்பே நாம் பிந்திப் போகிறவர்களாக இருந்தோம். அது வந்து இன்னும் பிந்தச் செய்தது. புதிய நோயாளர் எண்ணிக்கை குறைந்தது என்று இந்தியக் கணக்கில் கண்டோம். நோய் குறையவில்லை; வீட்டிலேயே இருந்தது. அந்த மூதாட்டி அந்தக் கணக்கிலும் இல்லை, கோவிட் கணக்கிலும் இல்லை.

கருப்பை வாய்ப்புற்றைப் பொறுத்தவரை ஒரு நல்ல திருப்பம் உண்டு. பெண்கள் மருத்துவர் முன் படுக்கக் கூசிப் பரிசோதனைக்குப் போவதில்லை என்பது பழைய குறை. மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2018இல் சோதித்துத் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண் தானே மறைவில் ஒரு பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். முடிவு கைத்தொலைபேசிக்கு வந்துவிடும். கூட்டம் கூடாமல், ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படாமல் செய்யக்கூடிய இப்பரிசோதனை தோட்டத்துக்கென்றே கண்டுபிடித்தது போல் இருக்கிறது.

தமிழாசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், வைத்தியத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றும் எவர்க்கும் விளங்கும். நான்காவதாக வள்ளுவர் வைப்பது உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். மருந்தைப் பிழையாமல் செய்து கொடுப்பவன் என்றும், பக்கத்தில் இருந்து பணி செய்பவன் என்றும் இதற்குப் பொருள் கொள்வர். நான் இருபதாண்டுக்கு மேல் இக்குறளை நடத்தியிருக்கிறேன்; தேர்வுக்கு எழுதும் விடையாகவே நடத்தினேன். 2020இல்தான் அந்த நான்காவது சொல்லின் கனம் தெரிந்தது. கொள்ளைநோய் மருத்துவரை எடுத்துவிடவில்லை, மருந்தும் இருந்தது. அது பறித்தது பக்கத்தில் செல்பவனை. வேன்காரர் வரவில்லை. நோயாளியோடு துணைக்கு வருபவரை வார்டுக்குள் விடவில்லை. மலாயில் வந்த அழைப்பை எடுத்துப் பேசித் தேதியைக் குறித்துக்கொள்ள ஆள் இல்லை. மற்ற மூன்றும் இருந்தும் வைத்தியம் நடக்கவில்லை.

அந்தத் தாயின் செய்திக்குப் பிறகு பள்ளியில் ஒரு குறிப்பேடு வைத்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருவர், நான், ஓர் ஆசிரியை ஆகிய நால்வர் மட்டுமே அதைப் பார்க்கலாம். ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர் பெயரை எழுதுவதில்லை. இதில் கண்டிப்பு வேண்டும். தோட்டத்தில் ஒரு வீட்டுச் செய்தி மறு வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து நோயாளியின் தட்டைத் தனியே வைப்போரும் இன்னும் இருக்கிறார்கள். பெயருக்கு எதிரே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள், வீட்டு எண்ணோடு அடுத்த வீட்டு எண், அழைத்துப்போகிறவர் பெயர் ஆகியவை இருக்கும். தேதி குறித்த அட்டையைப் படி எடுத்து வைத்துக்கொள்வோம். சாலைத் தடுப்புக் காலத்தில் அந்தப் படியே அனுமதிச் சீட்டாக உதவியது. மருத்துவமனைக்கு நாங்கள் கொடுத்த இரண்டாவது தொலைபேசி எண் பள்ளி அலுவலகத்தின் எண். இது ஒன்றும் பெரிய காரியமன்று. அந்த ஈராண்டில் மொத்தம் ஒன்பது பெயர்கள் எழுதினோம், இருவர் இறந்துபோனார்கள், ஒருவர் இடம் மாறிப் போனார். மற்றவர்களில் எவருக்கும் தவணை தவறவில்லை.

செலவுக்கு வழி இல்லையா என்றால், உண்டு. குறைந்த வருமானமுடையோர்க்காக 2019இல் அரசாங்கம் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்க்கு 1,000 வெள்ளி வரையிலும், போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையிலும் உதவித்தொகை என்று வகுத்திருந்தார்கள். எங்கள் குறிப்பேட்டில் இருந்தவர்களில் முதலில் இதை அறிந்திருந்தவர் எவரும் இல்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது ஆசிரியர் கையால் அரை மணி நேர வேலை. பெருந்தொற்றைப் பற்றிய உலக அவசரநிலை 2023 மே 5இல் முடிந்தது. குறிப்பேட்டை நாங்கள் மூடவில்லை.

கடைசியாக ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிகள் மறுபடி திறந்தபோது, வாசலில் மாணவர் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகளை எல்லாப் பள்ளிகளும் வைத்திருந்தன. இப்போது அவை அலமாரியில் தூங்குகின்றன. கீமோதெரப்பி பெறுவோருக்குக் காய்ச்சல் என்பது சாதாரணக் காய்ச்சல் அன்று. வெள்ளணு குறைந்திருக்கும் நாள்களில் உடல் வெப்பம் 38 பாகையைத் தொட்டால், சில மணி நேரத்தில் இரத்தத்தில் கிருமி பரவி உயிர்க்கே ஆபத்தாகலாம். காலையில் பார்ப்போம் என்று பெனடோல் போட்டுப் படுத்துவிடக்கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், கீமோதெரப்பி நடக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். நெற்றி வெப்பமானி வெயிலில் வந்தவரிடம் பிழையாகக் காட்டும் என்பதால், வாயில் வைக்கும் வெப்பமானி நான்கு வாங்கினோம். ஒன்று பதினைந்து வெள்ளிக்குள். சிகிச்சை நடக்கும் வீட்டுக்கு ஒன்றைக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். 38 என்ற இடத்தில் என்ன செய்வது என்று தமிழிலும், மருத்துவமனை வாசலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மலாயிலும் எழுதிய அட்டை அதனோடு போகும். அட்டையை எழுதியவன் அந்தத் தாயின் மகன். அப்போது ஆறாம் ஆண்டு. கையெழுத்து நன்றாக இருக்கும்.